ஹக்கபியின் இருபத்திரண்டு பேண்டுகள்

ஆட்டம் முடிந்து கழற்றிப் போட்ட பேண்டை டெல்மர் ஹக்கபி முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் முழங்காலைச் சுரண்டுவார். "மூணாவது பேஸ்ல போய் விழுந்திருக்கான் பய. அவுட்டு," என்பார். ஆட்டத்தை அவர் பார்த்திருக்க மாட்டார், தலைக்கவசங்களை எண்ணிக்கொண்டு ஒரு மூலையில் இருந்திருப்பார். ஆனால் சொன்னது அப்படியே சரியாக இருக்கும்.

எங்கள் கல்லூரி பேஸ்பால் அணிக்கு இருபத்து மூன்று வருஷமாகத் துணி துவைக்கிறவர் அவர். நான் அதே அணிக்கு பஸ் ஓட்டுகிறேன். அலபாமா செம்மண்ணில் வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு சறுக்கி விழச் சொன்ன புண்ணியவான் யாரோ, அவன் வாழ்க்கையில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்திருக்க மாட்டான். அந்தச் சிவப்பை எடுக்க ஹக்கபி ஒரு கரைசல் வைத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று மனைவி லர்லீனுக்கே தெரியாது. "கட்டில்ல கேட்டேன், கல்லறைல சொல்றேன்னாரு," என்று அந்தம்மாவே என்னிடம் புலம்பினார். தேவாலயத்தில் எல்லோரும் பிரசங்கம் கேட்பார்கள். ஹக்கபி பாடகர் குழுவின் காலர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

இந்த வருஷம் அதுவரை வெளியூரில் பதினோரு ஆட்டம். பதினொன்றும் தோல்வி. கடைசிப் பயணத்தில் புதன்கிழமை பதினான்குக்கு ஒன்று என்று வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். அங்கே மூன்று ஆட்டம், மூன்றையும் ஜெயித்தால்தான் போட்டித் தொடருக்கு இடம். எங்கள் மோட்டலில் சலவை இயந்திரம் பழுது, எதிரே இருந்த சலவைக்கடையும் வியாழக்கிழமை பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை பையன்கள் புதன்கிழமை அழுக்கோடே இறங்கினார்கள்.

ஜெயித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். பேஸ்பால்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதிர்ஷ்டம் அழுக்கில் இருக்கிறது, அதைத் துவைக்கக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு: அதிர்ஷ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் போய்விடும். ஆகவே கோச் பெவின்ஸ் ஹக்கபியைத் தனியாகக் கூப்பிட்டு, என் காதுபடத்தான் சொன்னார்: "ஹக், ஒரு சொட்டுத் தண்ணி அதுல பட்டுச்சு, அடுத்த வருஷம் நீ இந்த பஸ்ல ஏற மாட்ட."

சனிக்கிழமையும் ஜெயித்தார்கள். ஆனால் அன்றைக்கு எதிரணிப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு தொப்பிக்காரம்மா, வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே கத்தினாள்: "ஏய்யா, உங்க ஊர்ல மழையே கிடையாதா? இதுகளப் பெத்தவ பார்த்தா அழுதுருவா!" கூட்டம் சிரித்தது. ஹக்கபியின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

சாயந்திரம் பையன்களைப் பன்றி விலாக்கறி தின்ன இறக்கிவிட்டேன். ஹக்கபி வயிற்றுவலி என்று வரவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டேனே என்று மோட்டலுக்குத் திரும்பினால், எதிரே இருந்த சலவைக்கடை ஜன்னலில் ஒரே வெள்ளை. உள்ளே போனேன். இருபத்திரண்டு பேண்டுகள், துணி மடிக்கிற மேஜைகளில் வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் ஹக்கபி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"ஆர்வில்," என்றார் திரும்பாமலே. "உன் வாய் எப்படிப்பட்ட வாய்னு எனக்குத் தெரியும்."

"ஊருக்கே தெரியும்," என்றேன். "ஏன்யா இப்படிப் பண்ணித் தொலைச்ச? நாளைக்குத் தோத்தா உன்ன ரோட்டுலயே விட்டுட்டுப் போயிருவானுங்க. வண்டிய நான்தான் ஓட்டணும்."

"அழுக்கா இருக்கட்டும், தப்பில்ல. என் கையத் தாண்டி அழுக்கா போகுது பாரு, அதான் பொறுக்கல."

"சரி, வெள்ளையாப் பார்த்தாச்சா?"

இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார். "பார்த்தாச்சு. போய் மண்ணு கொண்டா."

மோட்டலுக்குப் பின்னால் தோண்டிப் போட்டிருந்த செம்மண்ணை ஒரு காப்பி டப்பாவில் அள்ளி வந்தேன். பிறகு நான் கண்டதை எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வேன். அந்த மனிதர் ஒவ்வொரு பேண்டுக்கும் அதனதன் கறையைத் திருப்பிக் கொடுத்தார். மண்டி போட்டுப் பந்து பிடிக்கிற கேட்சர் ரஸ்டனுக்கு இரண்டு முட்டியும். பக்கவாட்டில் பாய்ந்து பந்தை மறிக்கிற ஷார்ட்ஸ்டாப்புக்கு இடது இடுப்பு, நாலு விரல் அகலம். புகையிலை துப்புகிற பிட்சருக்கு வலது தொடையில் ஆறிய காப்பி மூன்று சொட்டு. பெஞ்சை விட்டே எழுந்திருக்காத குண்டுப் பையனுக்குப் பின்பக்கம் மட்டும், நல்ல வட்டமாக.

கறை எல்லாம் வந்துவிட்டது. நாற்றம்தான் வரவில்லை.

அதை ஞாயிற்றுக்கிழமை உடைமாற்றும் அறையில்தான் கவனித்தோம். ரஸ்டன் பேண்டைக் காலில் ஏற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான். குனிந்தான். மோந்தான். பக்கத்தில் இருந்தவனும் மோந்தான். சலவைத்தூள் வாசனையில் அறை முழுக்க லாவெண்டர் தோட்டம். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், எவனும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? திறந்தால் அதிர்ஷ்டம் போச்சு.

கோச் பெவின்ஸ் உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். "என்னடா வாசனை இங்க?"

"மழை வரும்போல, கோச்," என்றான் ரஸ்டன்.

வெளியே வானம் வெண்கலமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் பின்னால் இருந்தோம். ஹக்கபி தலைக்கவசங்களைப் பத்தாவது முறை எண்ணிவிட்டு வேலியோரம் என்னிடம் வந்தார். முகம் வெளுத்த பேண்ட் மாதிரி இருந்தது. "என் பெட்டிய வண்டில ஏத்தாத ஆர்வில். நான் நடந்தே போயிக்கறேன்."

"நூத்தம்பது மைலு."

"மெதுவாத்தான் போவேன்."

எட்டாவதில் சமமானது. கடைசியான ஒன்பதாவதில் ரஸ்டன் மூன்றாவது பேஸிலிருந்து கொம்பு சீவிய காளை மாதிரி ஓடி வந்து, இரண்டு முட்டியும் தேய ஹோம் பேஸில் சறுக்கினான். ஒரு செம்மண் மேகம். அது அடங்கியபோது நடுவரின் கைகள் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன: அவுட் இல்லை, ஒரு ரன் முன்னால். அடுத்து இறங்கிய எதிரணி ஒரு ரன்னும் எடுக்கவில்லை. தொடருக்குப் போகிறோம். தொப்பிக்காரம்மா கடலைப் பையை மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தி முடித்து பஸ்ஸுக்கு வரத் தொடங்கினார்கள். ஹக்கபியைக் காணோம். தேடிப் போனால், காலி மைதானத்தில் இரண்டாவது பேஸுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதே காப்பி டப்பாவில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்குய்யா?"

"தொடர் கடலோரத்துல. அங்க வெறும் மணல்," என்றார். "இந்தக் கலரு கிடைக்காது."

அதற்குள் முகக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரஸ்டன் அந்த வழியாக வந்துவிட்டான். டப்பாவைப் பார்த்தான். ஹக்கபியைப் பார்த்தான். ஹக்கபி மூடியைத் தேடுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

ரஸ்டன் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் ஆணிச் செருப்பைக் கழற்றி, அடியில் அப்பியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் நோண்டி நோண்டி அந்த டப்பாவுக்குள் போட்டான்.