தட்டாமல் விட்ட பாறை

அப்பா எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தலைக்கு மேலே தட்டிப் பார்ப்பார். கல்யாண மண்டபமோ, ரேஷன் கடையோ, ஸ்கெலட்டன் என்ற பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் தகரக் கூரையோ, கைக்கு எட்டுகிற இடத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. ஒரு நொடி காதைக் கொடுத்துக் கேட்பார். அப்புறம்தான் உள்ளே கால் வைப்பார். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அது உயிரோடு ஒட்டிய பழக்கம். கீழே கம்பியால் பாறையைத் தட்டுவார்கள். கணீரென்று கேட்டால் கல் கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே பிளந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும். அம்மாகூடக் கேலி செய்வார், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இந்த மனுஷன் நிலைப்படியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்று.

கோலார் தங்க வயல் என்றால் எல்லோருக்கும் தங்கம்தான் ஞாபகம் வருகிறது. தங்கத்தோடு சம்பந்தமே இல்லாத வேலையும் அங்கே நடந்தது. தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஒரு சுரங்கத் தளத்தில் விஞ்ஞானிகள் இரும்புக் குழாய்களைச் சுவர் போல அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களை மேலே உள்ள பாறை வடிகட்டிவிடும். பூமியையே துளைத்துப் போகும் நியூட்ரினோவின் சுவடு எப்போதாவது அங்கே சிக்கும். அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் என்றாவது தானாகவே அழிகிறதா என்றும் பார்த்தார்கள். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மேலேயிருந்து ஏதோ வரும், அது கண்ணுக்குத் தெரியாது, வந்தால் மிஷின் சொல்லும். தினமும் விஞ்ஞானிகளோடு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, அந்த அறைக்குப் போகும் வழியில் பாறையைச் சோதித்து, குழாய்களில் படியும் ஈரத்தைத் துடைப்பது அவர் வேலை. மற்றவர்கள் தங்கம் வெட்டுகிறார்கள், நான் வானத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று லைனெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு சமயம் மிஷினில் திடீரென்று நிறைய அடையாளங்கள் விழ ஆரம்பித்தன. ஏதோ பெரிதாகக் கிடைத்துவிட்டது என்று விஞ்ஞானிகளுக்குத் தலைகால் புரியவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், அது அப்பாவின் ஷிப்டில் மட்டும்தான் வருகிறது. துடைப்பதற்கு முன்னால் பாறையைத் தட்டுவது போலவே இரும்புக் குழாயையும் தட்டிப் பார்த்திருக்கிறார் என் அப்பா. அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். அது அதிர்ந்து இல்லாததைச் சொல்லியிருக்கிறது. அவர்களில் இளையவரான ஒரு சார் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, குழாயை மட்டும் தட்ட வேண்டாம் என்று தோளில் கைபோட்டுச் சொன்னாராம். திட்டவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. திட்டியிருந்தால் அப்பா இரண்டு நாளில் மறந்திருப்பார். அன்பாகச் சொன்னதுதான் வினையாகப் போனது.

அப்பா குழாயை மட்டுமல்ல, பாறையைத் தட்டுவதையும் நிறுத்திவிட்டார். அம்மா கேட்டதற்கு, "மிஷினு கேட்டுக்கினு கீது. நாம சத்தம் போட்டா அதுக்கு இன்னா புரியும்?" என்றார். கல்லைத் தட்டுவதால் அந்தக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். அப்பா கேட்கவில்லை. பெரியவர்கள் வேலை கெட்டுவிடக் கூடாது என்று அவராகவே எடுத்த முடிவு அது. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சில மாதம் கழித்து அதே வழியில் ஒரு பலகைக் கல் பெயர்ந்து அவர்மேல் விழுந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

விசாரணையில், தட்டிப் பார்த்தேன், சத்தம் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் சாருக்குக் கெட்ட பெயர் வரும், அந்த அறையையே மூடிவிடுவார்கள் என்று பயம். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். சார் அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டிருந்தார். அப்பாவுக்கு மேலே, சுரங்க விளக்குகளைக் கொடுத்து வாங்கும் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். சுரங்கம் மூடியதற்கு மறு வருஷம் அவர் இறந்தார். என்றைக்காவது அந்த சார் நம் பெயரைச் சொல்வார் என்று கடைசிவரை நம்பினார். அவருக்குப் பிறகு அம்மா அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம், பெங்களூரில் நான் தினமும் ரயிலில் போய்வரும் ஆபீசுக்குப் பக்கத்து அரங்கில் அந்த சார் பேசப் போகிறார் என்று அறிவிப்பு பார்த்தேன். சனிக்கிழமை காலை. அம்மாவுக்கு முட்டி வலி, ரயிலேற முடியாது. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பேரு சொல்றாங்களான்னு மட்டும் கேட்டுக்கினு வா கண்ணு" என்றார்.

சார் நன்றாகப் பேசினார். இப்போது நியூட்ரினோவைப் பிடிக்க ஆழ்கடலில் கருவிகளை இறக்குகிறார்கள், மனிதன் போக முடியாத இடத்தில் ரோபோக்கள் போய் அவற்றை இணைக்கின்றன, எங்கோ வெடித்த விண்மீனின் சேதியைக் கடலடியில் இருந்தே கேட்கலாம் என்றார். இருட்டில் ஒளிரும் கடல் உயிர்கள் கருவிகளைக் குழப்புகின்றனவாம். அந்தக் குழப்பத்தையே கடல் உயிரியலாளர்கள் சந்தோஷமாக ஆராய்கிறார்களாம். எதுவும் வீணில்லை என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, எங்கள் காலத்தில் எங்களைக் குழப்பியது ஒரு சுரங்கத் தொழிலாளி என்று ஆரம்பித்தார். குழாயைத் தட்டிய கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மேஜையைத் தட்டிக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பல ஊர்களில் சொல்லிப் பழகிய கதை என்று தெரிந்தது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

முடிந்த பிறகு வரிசையில் நின்று அவரிடம் போனேன். தங்க வயல் என்றதும் முகம் மலர்ந்தது. அந்தத் தொழிலாளியின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணை மூடி உண்மையாகவே யோசித்தார். இல்லையம்மா, ரொம்ப நல்ல மனுஷன், அப்புறம் அவர் என்ன ஆனார் என்று என்னையே கேட்டார். கல் விழுந்தபோது சார் ஊரிலேயே இல்லை. விழுந்ததற்குக் காரணம் அவருக்கு எப்படித் தெரியும்? அதை மறைத்ததே அப்பாதானே. சொல்லியிருக்கலாம். நான் அவர் மகள் என்று ஒரே வரி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்த வாயிலிருந்து அந்த வரி வரவில்லை. தெரியாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியான ரயிலில் ஊர் திரும்பினேன். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. எல்லாரும் கை தட்னாங்க."

அம்மா எழுந்தார். இரண்டு பேருக்கும் சோறு போட்டார். சாப்பிடும்போது, "உங்கப்பா சும்மா சொல்லல பாத்தியா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளைப் பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து, உறைமேல் எழுதியிருந்த காரணத்தை வாசித்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்படி. அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு உறை போட்டிருந்தார். பெங்களூரில் பெரிய விஞ்ஞானி தன் கணவரைப் பெயர் சொல்லிக் கௌரவித்ததற்காக ஆண்டவருக்கு நன்றி என்று வாசித்துவிட்டு, பாஸ்டர் அப்பாவின் முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னார். அப்பாவோடு ஷிப்ட் போன இரண்டு கிழவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சபை ஆமென் என்றது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் ஆமென் சொன்னேன்.