தட்டு தனி, ரேஸர் பொது

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், எனக்கு ஹெபடைடிஸ் சி இருக்கலாம், அடுத்த பரிசோதனையில்தான் உறுதியாகும் என்று தாள் வந்தது. 'இருக்கலாம்' என்பதை நான் வாசிக்கவில்லை. ஆட்டோ எங்கள் வலியசாலைத் தெருவுக்குத் திரும்புவதற்குள் என் படத்துக்கு மாலை போட்டாயிற்று. எந்தப் படம் என்பதில்தான் குழப்பம். கல்யாணப் படம் வேண்டாம். அதில் ஏற்கெனவே பயந்த முகம்.

வீடு சேர்ந்ததும் தியாகியானேன். என் கல்லீரல் போகட்டும், மனைவிக்கும் மகனுக்கும் இதை ஒட்டவைத்துவிடக் கூடாது. தட்டு தனி, பாய் தனி. எங்கள் தெருவில் டம்ளரைத் தூக்கித்தான் குடிப்போம். உதடே படாத அந்த டம்ளரையும் நானே தேய்த்துக் கொல்லைக் கல்லில் கவிழ்த்தேன். சாலைக் கடைத்தெருவில் கீழாநெல்லி வாங்கி அரைத்து மோரில் குடித்தேன். மஞ்சள்காமாலை வரவில்லை, வந்தால் செய்யவேண்டிய மரியாதையை முன்கூட்டியே செய்தேன்.

"துரும்பை நகத்தாத மனுஷன் பாத்திரம் தேய்க்கறேளே! இந்தச் சீக்கு கொள்ளாமே, நன்னாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

"அப்பா, முதல்ல டாக்டரைப் பாருங்கோ. பின்னே மரிச்சாப் போறும்," என்றான் மகன்.

மூவரும் போனோம். டாக்டரம்மா என் தட்டுப் புராணத்தை முழுக்கக் கேட்டுவிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"சாரே, சாப்பாட்டில கூடி இது பகராது, ஒட்டாது. ரத்தம் வழிதான். முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிட்டுண்டோ?"

காலேஜ் நாளில் சைக்கிளோடு பஸ்ஸுக்கடியில் போனபோது இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அன்று இந்தக் கிருமியைக் கண்டுபிடித்திருக்கவே இல்லை. 'ஏ-யும் இல்லாத, பி-யும் இல்லாத ஹெபடைடிஸ்' என்பதே அப்போது அந்த நோய்க்குப் பெயராம். அத்தனை வருஷமும் என் கல்லீரலில் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

"வீட்டில ரேஸர், நகவெட்டி ஏதாவது ஷேர் செய்யுமோ?"

"தட்டே தனி டாக்டர்!" என்று மனைவி பெருமையாகச் சொன்னாள்.

நான் தரையைப் பார்த்தேன். குளியலறை அலமாரியில் மகனுடைய உயர்ந்த ரேஸர் ஒன்று உண்டு. அவன் ஆபீஸ் போனதும் அதில்தான் ஒரு வருஷமாக ரகசியமாக மழித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கல்லில் கவிழ்த்த அன்றும்.

சொல்லிவிட்டேன். மகன் தாடையைத் தடவினான். அங்கே காலையில் பட்ட சின்னக் கீறல்.

மூவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முன்பெல்லாம் ஒரு வருஷம்வரைகூட ஊசி, காய்ச்சல், முடி உதிர்வு, அப்படியும் நிச்சயமில்லை. இப்போது தினம் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம், அநேகமாக எல்லாருக்கும் குணமாகிவிடும் என்றார் டாக்டரம்மா. எதுவும் என் காதில் ஏறவில்லை. கண் அந்தத் தாடையிலேயே இருந்தது.

எனக்கு இருந்தது உறுதியாயிற்று. அவர்கள் இருவருக்கும் இல்லை. ஆனாலும் மகனுக்குச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டுமாம். மாத்திரை முடிந்து மூன்று மாதம் ஆனபின் ஒரே நாளில் அப்பனும் மகனும் ரத்தம் கொடுத்தோம். அவன் தாளைத்தான் முதலில் பிடுங்கினேன். இல்லை. பிறகு என்னுடையது. கிருமி போயே போய்விட்டது.

"தட்டுக்கும் சீக்குக்கும் சம்பந்தமில்லேன்னு டாக்டரே சொல்லியாச்சு," என்றாள் மனைவி. "அதனால தேய்க்கறதை நிறுத்த வேண்டாம்."

மறுநாள் காலை குளியலறை அலமாரியைத் திறந்தேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கையை எடுங்கோ."