மாடி அறையை உருவாக்கிய எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு அவர் எங்கள் வீட்டின் மூத்த பெண். மற்றப் பலருக்கு அவர் ‘சிஸ்டர்’. பள்ளிப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் சொல்லித்தரும் ஓர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் உழைத்தவர். இரு தரப்பினருக்கும் அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டியது தம்பியாகிய என் கடமை. மனம் நொந்த இடங்களை விட்டுவிட்டு எழுதும்படி நெருங்கிய சிலர் கேட்டுக்கொண்டார்கள். விட்டுவிட்டால் அது அக்காவின் வாழ்க்கையாக இருக்காது.

அக்கா, கன்னட ஊரில் தமிழர்கள் நெருங்கி வாழும் நீலசந்திராவில் பிறந்தார். அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினார். அக்கா வயதுக்கு வந்த அன்று, தனக்கு ஏதோ கொடிய வியாதி வந்துவிட்டதாக நினைத்து, யாரிடமும் சொல்லாமல் பாயில் சுருண்டு கிடந்தாராம். அம்மாவுக்குத் தெரிந்ததும் மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர் என்று எல்லாம் தடபுடலாக நடந்தது. என்ன நடந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“ஊரையே கூப்ட்டு விருந்து போட்டாங்கடா. எதுக்குன்னு எனக்கு மட்டும் தெரியாது” என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

நர்சிங் படித்து, அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பிள்ளை பெற வரும் சின்னப் பெண்களைப் பார்த்துவிட்டு வரும் நாள்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் டாக்டரம்மாவின் பழக்கம் ஏற்பட்டது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மகளுக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். ஓய்வு பெற்றதும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அருங்காட்சியகத்தை ஆரம்பித்தார். “நீங்க இல்லாம ஆகாது சிஸ்டர், வந்துடுங்க” என்று கூப்பிட்டார். அக்கா அரசு வேலையை உதறிவிட்டுப் போனார். எங்கள் அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

பார்த்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். பிள்ளைகள் உள்ளே நுழைந்து வெளியே வரக்கூடிய பெரிய இதயம், ஆள் உயரத்துக்குப் பல் வரிசை, புகை பிடித்தவரின் நுரையீரல் எப்படி இருக்கும் என்று காட்டும் கறுத்த பொம்மை. அரசுப் பள்ளிகளுக்குக் கட்டணம் கிடையாது. பொம்மசந்திராப் பக்கத்திலிருந்து தொழிலாளர்களின் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். அக்கா தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் மாறி மாறிப் பேசுவார்.

மாடியில் இருந்த ஓர் அறை மட்டும் முழுக்க அக்காவின் கைவேலை. கருப்பை, சினைப்பை எல்லாவற்றையும் துணியில் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்திருந்தார். மாதவிடாயைப் பற்றி அங்கே பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா சொன்னார்:

“பாய்ஸையும் மேல கூட்டிட்டுப் போகணும் சிஸ்டர். கிளாஸ்ல கிண்டல் பண்றது அவங்கதானே? அவங்களுக்குத் தெரியலேன்னா என்ன பிரயோஜனம்?”

அக்கா தயங்கினார். “பேரன்ட்ஸ் ஒத்துக்குவாங்களா மேடம்?”

“நான் இருக்கேன்ல.”

இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். என் மனைவியும் கேட்டாள்.

அப்படித்தான் பையன்களும் அந்த அறைக்குப் போனார்கள். முதலில் சிரிப்பார்கள், அக்கா சிரித்து முடிக்க விடுவார். பிறகு எவனாவது ஒருவன், “வலிக்குமா மிஸ்?” என்று கேட்பான். அந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் முகம் மலரும். அந்த அறைக்காக டாக்டரம்மாவுக்கு விருதுகூடக் கிடைத்தது. மேடையில் அவர் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாங்களும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு தனியார் பள்ளியின் பிள்ளைகள் வந்து போனார்கள். யாரோ எடுத்த வீடியோ பெற்றோர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பையன்களுக்கு அசிங்கத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அறக்கட்டளைக்காரர்கள் பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். அக்காவுக்கு அப்போதே கால் வீக்கம் இருந்ததால் நான்தான் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். கீழ்க்கூடத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தகப்பனார் எழுந்து, “இதக்கே யாரு பர்மிஷன் கொட்டித்து?” என்று கன்னடத்தில் அதட்டினார். அனுமதி கொடுத்தது யார் என்று.

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“அது சிஸ்டர் அவங்களாவே பண்ணது. என் கவனத்துக்கு வரல. அவங்க டாக்டர் இல்ல, எது எவ்வளவு சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியல” என்றார். முதலில் கன்னடத்தில் சொல்லி, முன்வரிசையில் இருந்த தமிழர்களுக்காக மறுபடியும் தமிழில் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, உட்காரும்படி கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். பெற்றோர்களிடம் அக்கா மன்னிப்புக் கேட்டார்.

திரும்பி வரும் வழியில், “பசிக்குதுடா, ஏதாவது சாப்ட்டுட்டுப் போலாம்” என்றார். ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே தோசை சாப்பிட்டோம்.

“ஏன்க்கா வாயைத் தொறக்கல?”

“மேடம் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாங்கடா. நான் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா ரூம் இருக்கும்னாங்க. ஆனா இப்படிப் பேசுவாங்கன்னு சொல்லல.” கடைசித் துண்டைச் சட்னியில் தோய்த்தார். “ரூம் இருந்தாப் போதும்.”

அறையும் இருக்கவில்லை. கொஞ்ச நாள் விடுப்பில் இருக்கும்படி அக்காவுக்குச் சொன்னார்கள். விடுப்பு முடிந்து அவர் போனபோது மாடி அறையில் யோகாசனப் படங்கள் மாட்டியிருந்தன. துணி மாதிரிகள் மாடிப்படிக்கு அடியில் சாக்குப்பையில் கிடந்தன. டாக்டரம்மா மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். வாட்ச்மேன் முனியப்பா மட்டும், “எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, கேட்டா நான் பாத்துக்கறேன்” என்று சாக்கைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

அதன்பின் அக்கா அந்த வாசலை மிதிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில், கூப்பிட்ட வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பேச்சு குறைந்துவிட்டது. டாக்டரம்மாவின் பெயரை வீட்டில் எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோதும் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றார்.

கடைசி வாரத்தில் எப்படியோ கேள்விப்பட்டு டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவரை அழவிட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“பையனுங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னது யாரு மேடம்?”

“நான்தான் சிஸ்டர். நான்தான் சொன்னேன். அன்னிக்கு அப்படிச் சொல்லலேன்னா மியூசியத்தையே மூடிருப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

“அதை என்கிட்ட எதுக்கு? அங்க சொல்லுங்க. அந்தக் கூட்டத்துல இருந்தவங்ககிட்ட சொல்லுங்க.”

டாக்டரம்மா தலையாட்டினார். அன்று போனவர், காரியத்துக்கும் வரவில்லை.

இந்த மலருக்காக டாக்டரம்மா ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். ‘என் வலக்கையை இழந்தேன்’ என்று அழகாக எழுதியிருந்தார். நான் போனில் கூப்பிட்டு, “அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்னதை ஒரே ஒரு வரி சேத்துக் குடுங்க மேடம், முதல் பக்கத்துல போடறேன்” என்றேன். “யோசிச்சுச் சொல்றேன்பா” என்றார். மலர் அச்சுக்குப் போகும்வரை அந்தப் போன் வரவில்லை. அதனால் அந்தக் கட்டுரை இதில் இடம்பெறவில்லை.

அக்காவைத் தங்கள் தாயைப் போலக் கவனித்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், வேலை போகும் என்று தெரிந்தும் உதவிய முனியப்பா அவர்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த நீலசந்திரா நண்பர்களுக்கும், சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று சொன்னவர்களைத் தாண்டி வந்து நின்ற அக்காவின் மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா எல்லாரையும் மன்னித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன் நான். டாக்டரம்மா வந்துபோன நாளிலிருந்து, போன் அடிக்கும்போதெல்லாம், “அவங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னது நான்தான், ஒவ்வொரு தடவையும்.

— தம்பி