ஆசிட் கரியும் ஆவிக் கரியும்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில், மத்திகிரி போகும் வழியில் இருந்த ஒரு சிறு தொழிற்சாலையில் நான் கெமிஸ்ட். தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்குவோம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டிக்கு அந்தப் பொடி வேண்டும் என்று பெங்களூரிலிருந்து கேட்டார்கள். ஒரே நிபந்தனை: பொடி ரத்த அணுக்களை உடைக்கக் கூடாது. தேறாவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டு, என்னையும் என்னோடு வேலை பார்த்த பெண் கெமிஸ்டையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு ரத்தம் எடுக்க என் கைதான் கிடைத்தது. உப்புக் கரைசலில் என் ரத்தத்தை விட்டுப் பொடியைக் கலந்து, சுழற்றி எடுப்போம். அணுக்கள் உடையாவிட்டால் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்திருக்கும். எங்களுக்கோ ஒவ்வொரு முறையும் அணுக்கள் உடைந்து, மேலே ரோஸ் சர்பத்!

"உன் ரத்தமே சொத்தைப்பா" என்றார் மேனேஜர்.

கரி போடாத குழாயில் அதே ரத்தம் சமர்த்தாக இருப்பதைக் காட்டினேன்.

"சும்மா இருக்கறப்ப எவனும் நல்லவன்தான்."

சக கெமிஸ்டுக்கு வேறு சந்தேகம். பொடி தண்ணீரில் நன்றாகக் கலக்கட்டும் என்று அதை ஆசிட்டில் ஊறவைப்பது எங்கள் வழக்கம். "அதே கரிய ஆசிட் காட்டாம ஆவியில மட்டும் வெச்சிப் பாக்கலாம் சார். இட்லி ஒத்துக்கற வயித்துக்கு பஜ்ஜி ஒத்துக்குதா?"

ஆவிக் கரி அணுக்களை உடைக்கவில்லை. ஆனாலும் ஒரே ஆளின் ரத்தத்தை நம்ப முடியாது என்றார் மேனேஜர். அதில் நியாயமும் இருந்தது.

எங்கள் வேலைக்கு ஆபத்து, இன்னும் பலர் ரத்தம் வேண்டும் என்ற விஷயம் ஒர்க்‌ஷாப்புக்கு எட்டியது. டீ நேரத்தில் ஃபிட்டர் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "நம்ம ரத்தத்துல போடு சார். பிரியாணி ரத்தம், அசையாது." பின்னாலேயே கன்னடக்கார டிரைவர். பேக்கிங் அக்கா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "ஏன், ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் ரத்தம் ஓடுதா?" என்றார். வெட்கமோ என்னவோ, கடைசியில் மேனேஜரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

ஆசிட் கரி எல்லார் அணுக்களையும் உடைத்தது, மேனேஜர் என்றுகூடப் பார்க்கவில்லை. ஆவிக் கரி ஒருவருடையதையும் தொடவில்லை. பெங்களூரில் சாம்பிள் தேறியது. எங்கள் வேலையும் தப்பியது.

பிறகு எத்தனையோ பெரிய ஆய்வுக்கூடங்களைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் இரண்டு பேர் வேலைக்காக ஒரு தொழிற்சாலையே சட்டைக் கையை மடித்த இடத்தில் நானும் இருந்தேன் என்பதைத்தான் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.