மஞ்சள் விழுந்த முன் லைட்டுகள்

அக்கா வருகிறாள் என்றதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பியபோது அவள் தன் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வருகிறாள். பின்னேரம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால், மன்னார் வந்து சேர நன்றாக இருட்டிவிடும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் பழைய வான் வண்டியின் முன் லைட்டுகள் மஞ்சள் பிடித்து, புகை படிந்ததுபோல் மங்கிப்போயிருந்தன. எங்கள் கடற்கரை ஊரான பள்ளிமுனையில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடக்கிற வாகனம் வேறு எப்படி இருக்கும்? இந்த வெளிச்சத்தை நம்பி யானை கடக்கிற ரோட்டில் வரமாட்டேன் என்று என் மனுசன் சொல்லிவிட்டார். தோட்டவெளி ஊரில் ஒரு சின்ன வானை வாடகைக்குப் பேசியும் வைத்தார். அக்கா குடும்பமும் பெட்டிகளும் ஏறினால் அதில் எனக்கு இடமில்லை. நான் வீட்டில் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். நானா?

மறுநாள் அவர் கடலுக்குப் போனதும் வேலையில் இறங்கினேன். தேய்த்தால் மஞ்சள் போகும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். தேய்க்கிற பேப்பருக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? ஃபைபர் படகில் வெடிப்பு விழுந்தால் ஒட்டுப் போட முன் சுரண்டுகிற முரட்டுப் பேப்பர் கட்டாகக் கிடந்தது. பலம் கொண்ட மட்டும் உரஞ்சினேன். மஞ்சள் போனது உண்மைதான். ஆனால் லைட்டு முழுக்கக் கீறல் விழுந்து, தேங்காய்ப்பால்போல் வெளுத்து, உள்ளே பல்ப் இருப்பதே தெரியவில்லை.

மன்னாரிலேயே உள்ள தாராபுரத்தில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவருக்குப் போன் எடுத்தேன். படகுப் பேப்பர் என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வழி கேட்டேன். அதைவிட நைசான பேப்பரால், பிறகு இன்னும் நைசானதால், தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தால் கீறல் போகுமாம். அதன்பிறகு பொலிஷ். கடைசியில் வெயில் தாக்காமல் கிளியர் ஸ்பிரே. படகுக்குப் பூசுகிற ரெசினை மட்டும் பூசிவிடாதீர்கள், அது இன்னும் மஞ்சளாகும் என்றார். அந்த யோசனை எனக்கு ஏற்கெனவே வந்திருந்ததைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

ஓட்டோ பிடித்துப் போய்ச் சாமான்களை வாங்கி வந்து மறுபடி தொடங்கினேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. பொலிஷ் போட்டுத் துணியை எடுக்கிறேன், உள்ளே பல்பும் அதன் பின்னாலுள்ள வெள்ளித் தகடும் பளிச்சென்று தெரிகின்றன! எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தில் பக்கத்து வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். புது லைட்டா என்று கேட்டாள். அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது.

கிளியர் அடித்துக் காய்ந்த பிறகு, இருட்டத் தொடங்கிய மைம்மல் பொழுதில் மனுசன் வந்தார். வானைக் கோயில் மதிலுக்கு நேரே திருப்பி லைட்டைப் போட்டார். மதிலிலிருந்த சின்னச் சின்ன வெடிப்புக்கூடத் தெரிந்தது. இறங்கி வந்து குனிந்து, இரண்டு லைட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். அவர் போனை எடுத்து வாடகை வான்காரரோடு பேசினார்.

"தம்பி, வான் தேவையில்லை. எங்கட வானிலயே போறம். என்ர மனுசியும் வாறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டாமல், கட்டிப் போகச் சேலை எடுக்க உள்ளே ஓடினேன்.