குழுப் படத்தில் என் தலை

இன்று விழுப்புரத்தில், ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து பாடம் நடத்துவதற்கான பயிற்சி. என் ஜோடி, எங்கள் கல்லூரி நூலகர் மலர்விழி மேடம். பாதி வகுப்பு அவர், பாதி நான். நன்றாகவே நடத்தினோம்.

கடைசியில் குழுப் படம்.

"புரொபசர்ஸ்லாம் சேர்ல உக்காருங்க. லைப்ரரியன்ஸ் பின்னாடி நில்லுங்க" என்றார், தரையில் முட்டிபோட்டுக் கேமராவைப் பிடித்திருந்த போட்டோகிராபர்.

சமத்துவம் என்று தினமும் இங்கே முகநூலில் கத்துகிற நான், யோசிக்காமல் உட்கார்ந்தேன்.

திண்டிவனம் பஸ்ஸில் மேடம் போனில் படத்தைப் பெரிதாக்கினார்.

"இத பிரின்சிபால் கிட்ட காட்டி, எனக்கும் வாரம் ஒரு கிளாஸாவது கேக்கலாம்னு இருந்தேன் சார். பாருங்க, உங்க தலை என் மூஞ்சிய மறைச்சிக்கினு இருக்குது."

சிரித்தார். விக்கிரவாண்டி டோல் தாண்டியும் என்னால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் படத்துக்கு வாழ்த்துகள் குவிகின்றன. எல்லாம் எனக்கு.

உங்கள் கல்லூரிப் படங்களில் நூலகர் முகம் தெரிகிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.