கோலத்தில் என் உச்சந்தலை

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் தீபாவளிக் கடைகள் நெருக்கியடித்திருந்தன. முறுக்கு டின்களுக்கும் தொங்கவிட்ட ஜிப்பாக்களுக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து, ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கடைக்குக் கடை ஒலிபெருக்கி அலறியது. அத்தனை இரைச்சலிலும் பின்னால் விட்டுவந்த மண்டபத்தின் கைத்தட்டல்தான் காதில் நின்றது.

மண்டபத்தில் என் அறைத்தோழனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ கலைச் சங்கத்தின் பாராட்டு விழா. யார் போட்டிருந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன். மாலையை எடுத்தது ஆன்டி. அவன் குனிந்தான், ஆன்டி சக்கர நாற்காலியில் இருந்தபடியே எக்கிப் போட்டார், அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தமும் வைத்தார். நான் எழுந்துவிட்டேன்.

கிள்ளானில் நாங்கள் குடியிருந்த மலிவு விலை பிளாட்டில் எதிர் வீட்டுக்காரர் ஆன்டி. ஒன்பதாவது மாடி. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தீபாவளிக்கு முன் நின்றுபோன லிப்ட் அடுத்த தீபாவளி நெருங்கியும் ஓடவில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரில். அந்தக் காலம் முழுக்க ஆன்டியை உப்பு மூட்டை தூக்கி இறக்கியதும் ஏற்றியதும் நான். லோரியில் சரக்கு கட்டும் பட்டையை அவர் தொடைக்கு அடியில் கொடுத்து என் தோளில் மாட்டிக்கொள்வேன். அவர் இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். போர்ட் கிள்ளான் கிடங்குகளில் மூட்டை தூக்கிய உடம்பு, பெரிய சிரமமில்லை. பள்ளிக்கூடத்தை மூன்றாம் படிவத்தோடு விட்டவனுக்கு முதுகுதான் சான்றிதழ்.

தூக்கியதோடு நான் நிற்கவில்லை. மேலாண்மை அலுவலகத்துக்கு நடந்தேன். நகராண்மைக் கழகத்துக்கு நடந்தேன். எங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரை, நாங்கள் ஒய்பி என்போம், பார்க்க அவருடைய சேவை மையத்துக்கு நடந்தேன். உள்ளே இருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் சொந்தச் செலவில் மூன்று மொழியில் பேனர் அடித்து பிளாட் முகப்பில் கட்டினேன். 'லிப்ட் ஓடவில்லை. மேலே நோயாளிகள் இருக்கிறார்கள்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அனுமதி வாங்காத பேனர் என்று மறுநாளே அறுத்துக்கொண்டு போனார்கள். கயிற்றையும் விடவில்லை.

அறைத்தோழன் இதில் எதற்கும் வரவில்லை. அவன் காஜாங்காரன். கல்யாண மேடைக்கு அலங்காரம் செய்வான், காருக்கு ஸ்டிக்கர் வெட்டுவான், பண்டிகைக் காலத்தில் பேரங்காடிகளில் அரிசிக் கோலம் போடுவான். நான் புகார் கொடுக்கக் கிளம்பும்போது கட்டிலில் படுத்தபடி, "போய்ட்டு வாங்கண்ணே, வரும்போது ரொட்டி சானாய் வாங்கிட்டு வாங்க" என்பான்.

அந்த வருஷம் கிள்ளானில் ஒரு பேரங்காடிக் கோலம் அவனுக்குக் கிடைத்தது. ஆள் பற்றவில்லை என்று என்னையும் கூப்பிட்டான். என் வேலை சரக்கு இறக்கும் வாசல் பக்கம் உட்கார்ந்து தொட்டிகளில் அரிசிக்குச் சாயம் ஏற்றி, தார்ப்பாயில் பரப்பி, காற்றாடி வைத்து உலர்த்துவது. இந்த மாதிரிக் கோலத்தை நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். போட்டதை மிதிக்க முடியாது என்பதால் நடுவை முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நகர்ந்து கரைக்கு வருவார்கள். நான் கறுப்பும் மஞ்சளும் உலர்த்திக்கொண்டு வந்து நின்றபோது நடு முடிந்திருந்தது.

நிர்வாகத்திடம் காட்டிய வரைபடத்தில் தோகை விரித்த மயில் இருந்தது. தரையில் மயிலைக் காணோம். படிக்கட்டு. படியில் இறங்குகிற ஓர் ஆள். அவன் முதுகில் ஆன்டி.

"இது நான்தானே?"

"நீங்கதான்ணே. வேற யாரு?"

"மூஞ்சி எங்கடா?"

குனிந்து இறங்குகிற மாதிரி போட்டிருந்தான். எனக்கென்று தெரிந்தது கறுப்பரிசியில் ஒரு உச்சந்தலை மட்டும். ஆன்டியின் முகமோ நெற்றிப்பொட்டு முதல் மூக்குத்தி வரை துல்லியமாக இருந்தது.

"அரிசில ஒரு மூஞ்சிதான்ணே ஒழுங்கா வரும். ரெண்டு போட்டா ரெண்டும் கெட்டுரும்."

"அப்ப ஒன்னு போடறதா இருந்தா, தூக்குறவன் மூஞ்சிய போட மாட்டியா?"

"உங்க மூஞ்சிய பாத்தா யாருக்குண்ணே பாவமா இருக்கும்?"

கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நான் கரைக்குப் போய் மாங்காய் வரிசை நிரப்பினேன்.

அந்த முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆன்டி என் முதுகில் இருக்கும்போது வாய் மூடியதே கிடையாது. சீரியல் கதை சொல்வார், ஆறாவது மாடிக்காரியைத் திட்டுவார், என் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்ப்பார். சிரிப்பில் குலுங்கி இரண்டு பேரையும் உருட்டப் பார்ப்பார். அவன் போட்ட ஆன்டி உதட்டை இறுக்கிக்கொண்டு, பார்க்கிறவனின் கண்ணை நேராகப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் யாரையும் பார்த்ததில்லை. என் பேனரில் பொய் இல்லை. அவன் கோலத்தில் பாதிக்கு மேல் பொய். எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

காலையில் மேலாளர் வந்தார். சீனப் பெண்மணி. மயில் எங்கே என்று மலாயில் கேட்டார். "பறந்துருச்சு மேடம்" என்று அவனும் மலாயிலேயே சொன்னான். விளக்கேற்ற ஒய்பி வந்துகொண்டிருந்தார். மேலாளர் முகம் வெளுத்து, துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு உடனே கூட்டச் சொன்னார். அந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

"மேடம், இது தீபாவளிக் கோலம். பண்டிகை முடியாம நான் இதுல தொடப்பம் வைக்க மாட்டேன். வேற ஆள வச்சுக் கூட்டிக்குங்க. அத யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டா என்கிட்ட வராதீங்க லா."

மேலாளர் பாதுகாவலர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கோலத்தில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அது தெருப் போராட்டம் வரைக்கும் போகும். என் பேனரைக் கத்தியால் அறுக்க ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. சுவரும் இல்லாத, பசையும் இல்லாத, ஊதினால் பறக்கிற அரிசியை ஒரு நிர்வாகத்தால் தொட முடியவில்லை.

ஒய்பி விளக்கேற்றினார். குனிந்து பார்த்தார். "ரொம்ப உருக்கமா இருக்கே, எந்த இடம் இது?" என்றார்.

"உங்க தொகுதிதான் ஒய்பி" என்றான் அவன், சந்தனம் கரைத்த மாதிரிக் குரலில். சுற்றி நின்ற கைபேசிகள் அத்தனையும் அதைப் பிடித்துக்கொண்டன.

பிறகு நடந்ததை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். படம் எல்லாக் கைபேசிக்கும் போனது. காஜாங்கில், ஸ்ரீ கெம்பாங்கானில், லிப்ட் ஓடாத பிளாட்டுகளின் வாசலில் யார் யாரோ அதே மாதிரி சுண்ணக்கட்டியில் வரைந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பேனரில் அடித்தார்கள். ஒய்பியும் தன் பேனரில் அதையே அடித்து, கீழே 'தீர்வு வருகிறது' என்று போட்டார். இரண்டு பேனரும் எதிரெதிரே தொங்கின. நகராண்மைக் கழகம் ஒன்றையும் அறுக்கவில்லை. பாசாரில் ஒருவன் என் உச்சந்தலையைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் பொறுக்கினான். அவன் பக்கத்தில் நின்று நானும் வெங்காயம் பொறுக்கினேன். என்னைத் தெரியவில்லை.

லிப்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டதாகவும் மறுநாள் காலையே வேலை தொடங்கும் என்றும் அந்தப் பாராட்டு விழாவில்தான் ஒய்பி அறிவித்தார். ஆன்டி அழுதார். நான் அன்று காலை ஒன்பது மாடி இறக்கி வேனில் ஏற்றிக் கூட்டிவந்த ஆன்டி. அழுதுகொண்டே அவனுக்கு மாலை போட்டார்.

கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். கிள்ளானில் இறங்காமல் போர்ட் கிள்ளானுக்கே போய்விடுவது என்று முடிவு. அங்கே பழைய கிடங்கில் இராத்திரி ஷிப்டுக்கு எப்போதும் ஆள் வேண்டும், படுக்கவும் இடம் தருவார்கள். இப்படித் துணிமணியை விட்டுவிட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஷா ஆலம் தாண்டியதும் கைபேசி அடித்தது. ஆன்டி.

"எங்கடா இருக்க?"

"ரயில்ல."

"நாங்க வேன்ல வந்துட்டோம். ரெண்டாவது மாடில நிக்கிறோம். ஒன் தோஸ்து என்னைய தூக்கறேன்னு தூக்கி, திருப்பத்துல மாட்டிக்கிட்டான். மூச்சு வாங்குது அவனுக்கு. செத்துருவான் போல."

"மாலைய கழட்டச் சொல்லுங்க."

"என்னா?"

"ஒன்னுமில்ல."

கிள்ளானில் இறங்கினேன்.

பொழுது சாய்கிற நேரம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஆன்டி படியில் உட்கார்ந்திருந்தார். அவன் சுவரில் சாய்ந்து, வேட்டி கசங்கி, இன்னும் மாலையோடு நின்றான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, எப்படிண்ணே தெனம் செய்றீங்க?" என்றான். உண்மையாகத்தான் கேட்டான். அதனாலேயே பதில் சொல்லப் பிடிக்கவில்லை. பட்டையை எடுத்து வரச் சொன்னேன். ஓடினான்.

ஆன்டியை முதுகில் வாங்கிக்கொண்டு ஏறினேன். நான்காவது மாடி வரை அவர் பேசவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத கனம்.

"கோவிச்சிக்கிட்டுப் போயிட்டியா?"

"இல்ல ஆன்டி. வேல பாக்கப் போனேன்."

"அவனுக்கு மால போட்டது எரியுதா?"

"எனக்கு என்னா எரியுது?"

"கழுத்து கொதிக்குதேடா, கைய வைக்க முடியல."

நான் படியைப் பார்த்து ஏறினேன். அவன் எங்களுக்குப் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஒனக்கும் மால வாங்கிப் போடலாம்தான்," என்றார் ஆன்டி. "போட்டா நான் எங்கடா புடிச்சிக்கிறது? வழுக்கி விடும்."

பின்னால் அவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏழாவது மாடியில் நின்று மூச்சு வாங்கியபோது என் காதருகே, குரலை இறக்கி, "லிப்ட் வந்துட்டா நீ இந்த வீட்டுல இருப்பியா, கெளம்பிருவியா?" என்று கேட்டார். கோலத்தில் இருந்த அந்த முகம் அப்போது அவருக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் வந்தவன் பார்த்திருக்கலாம்.

"தெரியல ஆன்டி" என்றேன்.

காலையில் ஒரு லோரி வந்து நின்றது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த சீனக் கண்ட்ராக்டர், வயதானவர், காலரில் வியர்வைத்துண்டு சுற்றியிருந்தார். லிப்டின் மோட்டார் அறை மொட்டை மாடியில். பழைய இரும்பையெல்லாம் கழற்றிக் கீழே இறக்க வேண்டும், புதியதை மேலே ஏற்ற வேண்டும், எல்லாம் படிக்கட்டு வழியாக. கூட்டிவந்த இரண்டு ஆட்களும் படிக்கட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு சிகரெட் பற்றவைத்தார்கள். கண்ட்ராக்டர் என் தோளையும் காலையும் பார்த்து, "குவாட் கா?" என்றார். பலம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். நாள் கூலி, மதியச் சாப்பாடு அவர் செலவு, லிப்ட் ஓடும்வரை வேலை. கையுறை கொடுத்தார்.

முதல் நடைக்குக் கம்பிவடச் சுருள் ஒன்றைக் காட்டினார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டிருக்கும்போது தோளில் கேமரா தொங்கிய ஒரு பெண் வந்து, கோலம் போட்ட கலைஞர் வீடு எது என்று கேட்டாள். பேட்டியாம்.

"ஒன்பதாவது மாடி," என்றேன். "ஏறிப் போங்க."

அவள் ஏற ஆரம்பித்தாள். நான் சுருளைச் சரியாக ஏற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறினேன். நான்காவது மாடியில் அவள் நின்று வழி விட்டாள்.